புள்ளியை விழுங்கும் எழுத்து

நம் வீட்டுத் திருமண அழைப்பும், பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையும், ரமளான் கால அட்டவணையும், ஜனாஸா அறிவிப்பும் இன்று பெரும்பாலும் ஒரே வகை எழுத்தில் அச்சாகின்றன. தடித்த எழுத்து, பக்கவாட்டில் நெருக்கி ஒடுக்கிய எழுத்து, தலைமுதல் கால்வரை ஒரே பருமன் கொண்டு, மூச்சு விடவும் இடமின்றி ஒன்றோடொன்று முட்டி நிற்கும் எழுத்து. மதுரை மாநகராட்சியோடு 2011-ஆம் ஆண்டில் இணைந்த எங்கள் விளாங்குடியிலிருந்து திண்டுக்கல் சாலை வழியே நகருக்குள் செல்பவர், வழிநெடுக இவ்வெழுத்தையே காண்பார். அரசியல் சுவரொட்டியிலும் அதுதான்; திரைப்பட விளம்பரத்திலும் அதுதான்; காதணி விழாப் பதாகையிலும் அதுதான். அங்கிருந்து அது நம் பள்ளிவாசல் வாயிலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்தத் தடித்த ஒடுக்கெழுத்து கூவி அழைப்பதற்கென்று பிறந்தது. இரண்டு மூன்று சொற்களைத் தூரத்தில் நிற்பவருக்குக் காட்ட அது நல்ல கருவி. ஆனால், ஒருவருடைய பெயரையும், தொழுகையின் நேரத்தையும், கணக்கின் தொகையையும் அறிவிக்க அதைக் கையாள்வது பெருந்தவறு. எல்லா மொழிக்கும் அது தவறென்றால், தமிழுக்கு இரட்டிப்புத் தவறு. தமிழ் முஸ்லிம்களின் தமிழுக்கோ மும்மடங்குத் தவறு. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பயனும்

இவ்வெழுத்தின் பிறந்தகம் இலண்டன் மாநகர். ரோமன் எழுத்துகளின் முனைகளில் சிறுசிறு கொடுக்குகள் உண்டு. அவற்றை அறவே நீக்கிய அச்செழுத்தை 1816-ஆம் ஆண்டளவில் நான்காம் வில்லியம் காஸ்லன் என்னும் எழுத்து வார்ப்பாளர் தம்முடைய மாதிரி ஏட்டில் வெளியிட்டார். அந்த நூற்றாண்டில் ஏல அறிவிப்பும், நாடக விளம்பரமும், மருந்து விளம்பரமும் சுவரில் இடம்பிடிக்கப் போட்டியிட்டன. பக்கத்துத் தாளைத் தோற்கடிக்க எழுத்து தடித்தது. தாளின் அகலத்துக்குள் அடங்க வேண்டி ஒடுங்கியது. ஈயத்தில் வார்த்தால் கனக்கும் என்பதால் மரத்தில் செதுக்கப்பட்டு உயர்ந்தது. 1965-இல் ஜெஃப்ரி லீ என்பவர் வரைந்து, ஷெஃபீல்டு நகரின் ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனம் வெளியிட்ட 'இம்பேக்ட்' என்னும் எழுத்து இக்குலத்தில் புகழ்பெற்றது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கத் தொடங்கிய எழுத்துருத் தொகுதியில் அதுவும் இடம்பெற்றது. பின்னர் உலகத்துக் கணினிகளிலெல்லாம் குடியேறியது. 'மோதித் தாக்குவது' என்பதே அப்பெயரின் பொருள். பெயரே நோக்கத்தைச் சொல்லிவிடுகின்றது அன்றோ?

ரோமன் எழுத்து இந்த நெருக்கடியை ஓரளவு தாங்கும். அதன் பெரிய எழுத்துகளிற் பல நேர்க்கோடுகளால் ஆனவை. ஐ, எல், டி, எச் முதலியவற்றை எத்துணை ஒடுக்கினாலும் அவை அவைதாம். வளைவும் சுழியும் கொண்ட தமிழுக்கு அந்த வசதி இல்லை.

இவ்வெழுத்துக்கு உரிய நியாயத்தையும் மறைக்கலாகாது. தமிழ்ச் சொல் நீண்ட சொல். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பது ஒரே சொல். ஒரு பத்தியின் அகலத்தை அதுவே தின்றுவிடும். ஆகவே செய்தித்தாளின் தலைப்புக்கு ஒடுங்கிய எழுத்து வேண்டியிருப்பது இயல்பு. சி. பா. ஆதித்தனார் 1942-இல் இதே மதுரையில்தான் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். எளிய தமிழும் பெரிய தலைப்பும், அரைகுறையாய் எழுத்தறிந்த பாமரரையும் நாளேட்டின்பால் ஈர்த்தன. தேநீர்க் கடை வாயிலில் தொங்கும் செய்திச் சுவரொட்டியின் மூன்று சொற்களைப் பேருந்தில் போகிறவரும் படித்துவிடுகிறார். அங்கே அந்த எழுத்து தன் கடமையைச் செய்கின்றது. அதனைக் குறைகூற நான் வரவில்லை. பாங்கொலிக்கு உயர்ந்த குரல் வேண்டும். அதே குரலில் ஒருவர் வீட்டுக் கணக்கை வாசித்தால் யார் கேட்பார்?

புள்ளிக்கு ஒரு வரலாறு

நம்முடைய எழுத்தில் பொருளைத் தாங்கி நிற்பவை பெரிய கோடுகள் அல்ல. சிறிய புள்ளிகளும் சுழிகளும் அவற்றுக்கு நடுவே உள்ள வெற்றிடமுமே. இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

மதுரைக்கு அண்மையில் மாங்குளம் குன்றில் உள்ள கல்வெட்டுகள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. அவற்றில் காணும் தமிழ்ப் பிராமி எழுத்தில் ழ, ள, ற, ன என்னும் தமிழுக்கேயுரிய ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வடபுலத்து எழுத்தில் இல்லாத ஒலிக்கு இருக்கின்ற எழுத்தே போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்றும், எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியோர் ஏடு கிழியுமென்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டனர். அதன் விளைவை அனுபவித்தவர்கள் பின்வந்த பதிப்பாசிரியர்கள். இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று ஒவ்வொரு சொல்லோடும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஏட்டிலிருந்து எடுத்து 1842-இல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரும் இந்தப் பாதையில் நடந்தவரே. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் பிரித்தெழுதும் முறை வீரமாமுனிவரால் அமைந்தது என்பர். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையே ஒரு சிறு சுழிதான் வேறுபாடு. அந்தச் சுழியைப் பெற இத்தனை நூற்றாண்டு ஆயிற்று.

அரபு எழுத்தின் வரலாறும் புள்ளியின் வரலாறே. தொடக்கத்தில் அவ்வெழுத்துக்குப் புள்ளியும் இல்லை, உயிர்க்குறியும் இல்லை. தாய்மொழியாக அரபு பேசாதவர்கள் ஓதத் தொடங்கியபோது பிழை நேரும் என்ற கவலை எழுந்தது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே அபுல் அஸ்வத் அத்துஅலீ உயிரொலிகளைக் காட்டப் புள்ளியிடும் முறையை வகுத்தார். பின்னர் கலீல் இப்னு அஹ்மத் இன்றுள்ள உயிர்க்குறிகளை அமைத்துத் தந்தார். கி.பி. 940-இல் மறைந்த பாக்தாதின் அமைச்சர் இப்னு முக்லா, எழுத்துக்கலைக்கு ஓர் அளவை முறை கண்டார். எழுதுகோலின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அந்த அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அதற்கேற்ப இத்தனை புள்ளி அகலம் என்பது முறை. புள்ளியைக் கொண்டே எழுத்தை அளந்த மரபு அது!

இன்னொன்றும் கருதத்தக்கது. வரியில் இடம் மிஞ்சினால் அரபு எழுத்தர் எழுத்தை இணைக்கும் கோட்டை நீட்டுவார். இடம் குறைந்தால், ஓர் எழுத்தின்மேல் மற்றோர் எழுத்தை அழகுற ஏற்றி அமைப்பார். எழுத்தின் வயிற்றை நசுக்கி இடம் தேடுவது அக்கலையின் வழியன்று.

இவ்விரு மரபும் கலந்த இடம் நம்முடைய அரபுத் தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்ந்த ஆலிம்கள், அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டினர். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புதிய குறிகள் வகுத்தனர். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அவ்வெழுத்தில் மார்க்கச் சட்டத்தையும் ஒழுக்கத்தையும் தமிழ்ப் பெண்டிரும் படிக்குமாறு எழுதினர். அந்நூல்கள் கல்லச்சில் வெளிவந்தன. கல்லச்சின் சிறப்பு யாதெனில், கையால் எழுதியது எழுதியவாறே பதியும். ஒரு புள்ளியும் இடம் மாறாது. ஓரொலியும் கெடக்கூடாது என்று புள்ளியைக் கூட்டினார்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் இருக்கின்ற புள்ளியையும் மையால் மூடிக்கொண்டிருக்கின்றோம்.

எது கெடுகின்றது?

தடித்த கோட்டை ஒடுங்கிய இடத்தில் திணித்தால் முதலில் மறைவது எழுத்தின் உள்வெளி. அடுத்து மறைவது புள்ளி. அதற்கடுத்துச் சுழி. தமிழில் இம்மூன்றும் போனபின் எஞ்சுவது என்ன?

மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றாகிவிடும். 'மணம்' என்பது 'மனம்' ஆகும். 'பணி' என்பது 'பனி' ஆகும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகிவிடும். 'பெறு' எது, 'பேறு' எது, 'கொடு' எது, 'கோடு' எது என்று தெரியாது. ஏகாரத்தின் காலில் உள்ள சாய்கோடு அடுத்த எழுத்தோடு ஒட்டி எகரமாகும். இகரக் கொக்கிக்கும் ஈகாரக் கொக்கிக்கும் வேறுபாடு முனையில் உள்ள சிறு வட்டம். அது மையால் அடைபடும். ரகரத்தின் கால் மறைந்தால் துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள்.

இது தமிழர் அனைவருக்கும் பொதுவான கேடு. நமக்கு மட்டும் உரிய கேடு இனித்தான் வருகின்றது. ஜ, ஷ, ஸ, ஹ என்னும் எழுத்துகள் நம் பெயர்களில் வருவதுபோல் வேறெங்கும் இத்துணை மிகுதியாய் வருவதில்லை. அவை வளைவின்மேல் வளைவாகப் பின்னிய எழுத்துகள். அகன்ற இடம் கேட்பவை. அவற்றைத் தடித்து ஒடுக்கினால் கிடைப்பது ஒரு கறுப்புக் கட்டி. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகள் ஒரே கறையாகக் குழைந்துவிட்டால், ஃபாத்திமாவும் யூசுஃபும் தம் பெயரைத் தாமே தேட வேண்டியதுதான்.

ஐகாரமும் ஜகரமும் ஒன்றுபோல் தோன்றுவது இவற்றுள் மிகக் கொடியது. இரண்டும் ஒன்றாகத் தெரியும் எழுத்தில் பழகிப்போன தட்டச்சுக்காரர், எதை அடித்தாலும் ஒன்றே என்று எண்ணி 'ஐமாஅத்' என்று அடித்துவிடுகிறார். சரிபார்ப்பவர் கண்ணுக்கும் அது தெரிவதில்லை. மாலையில் என்னிடம் ஓத வரும் சிறுவன் ஒருவன், ஒரு சுவரொட்டியை எழுத்துக்கூட்டி 'ஐமாஅத்' என்றே வாய்விட்டுப் படித்தான். பிழை அவனுடையதன்று, அவன் கண்டதைப் படித்தான். ஓர் எழுத்தை அதன் பிறப்பிடத்திலிருந்து பிசகாமல் ஒலிக்க வேண்டும், எழுத்துக்கு உரிய ஹக்கை அதற்குக் கொடுக்க வேண்டும் என்று தஜ்வீது வகுப்பில் ஆண்டுக்கணக்காகச் சொல்லித் தருகின்றோம். நாவுக்கு இத்தனை கட்டுப்பாடு விதித்துவிட்டு, கண்ணுக்கு மட்டும் கட்டிப்போன எழுத்தைக் காட்டலாமா?

எண்களின் நிலையும் இதுவே. ஒடுங்கித் தடித்த எழுத்தில் 3, 6, 8 மூன்றும் உடன்பிறப்புகள். ஸஹர் முடிவு 4.36 என்பதும் 4.38 என்பதும் ஒன்றுபோல் தெரிந்தால் நோன்பாளி எதை நம்புவார்? ஃபித்ரா தொகையில் ஓர் இலக்கம் மாறினால் எளியவருக்குச் சேர வேண்டியது குறையும். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், ஜனாஸா செய்தி உறவினரைச் சென்று சேராது. அழகு பற்றிய சிறு பூசலென்று இதனைத் தள்ளிவிட முடியுமா?

அவர்கள் சொல்லும் நியாயம்

"ஹஜ்ரத், எழுத்து பெருசா நின்னாத்தான் கண்ணுல படும்" என்கிறார் கணினியில் வடிவமைக்கும் இளைஞர். தம்பி, உயரம் வேறு, தெளிவு வேறு. எழுத்தைப் படிக்க உதவுவது அதன் கறுப்பு மட்டுமன்று. கறுப்பின் நடுவே உள்ள வெளுப்பும் உதவுகின்றது. ஒடுங்கி நெடிய எழுத்து தூரத்திலிருந்து ஒரு வேலியைப் போல் தோன்றும். வேலி இருப்பது தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதைவிட உயரம் குறைந்து, அகலம் நிறைந்து, இடைவெளி விட்டு நிற்கும் எழுத்தே கண்ணில் நன்கு பதியும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு இது மேலும் பொருந்தும்.

"இடம் போதவில்லை, பெயர்கள் அதிகம்" என்பது அடுத்த நியாயம். இடம் போதாத நெருக்கடி நமக்கு மட்டும் வந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவிய சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை, தாளோ பற்றாக்குறை. என்ன செய்தார்கள்? எழுத்தின் அளவைச் சிறிதாக்கிப் புதிதாக வார்த்துக்கொண்டார்கள். நாமும் அதைச் செய்யலாம். அல்லது, அதனினும் எளிய வழி ஒன்று உண்டு: பெயர்களைக் குறைக்கலாம். திருமண அழைப்பில் மணமக்கள் பெயர் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்க, வாழ்த்துவோர் பட்டியல் படைபோல் அணிவகுப்பது எழுத்தின் குற்றமா, நம்முடைய குற்றமா?

"எல்லா எழுத்துருவிலும் ஒடுக்கெழுத்து இல்லை, நாங்களே ஒடுக்கிக்கொள்கிறோம்" என்பது மூன்றாவது. இங்குதான் பெரும்பாலான சீரழிவு நிகழ்கின்றது. கணினியில் ஓர் எழுத்தின் அகலத்தை நூற்றிலிருந்து அறுபதாகக் குறைத்தால், செங்குத்துக் கோடுகள் மெலிந்துபோகும். கிடைக்கோடுகள் மட்டும் பழைய பருமனோடு நிற்கும். வட்டப் புள்ளி நெல்மணியாகும். பிறகு, மெலிந்ததைத் தடிப்பாக்க எழுத்தைச் சுற்றி ஒரு கோடு இழுக்கிறார்கள். அக்கோடு உள்ளேயும் பரவி, எஞ்சியிருந்த உள்வெளியையும் அடைத்துவிடுகின்றது. முறையாக வரைந்த ஒடுக்கெழுத்து அப்படிப்பட்டதன்று. அதில் கலைஞர் ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைவார். எந்தக் கோட்டை மெலிதாக்கினால் சுழி பிழைக்கும், எந்த வளைவைத் திறந்துவிட்டால் புள்ளி நிற்கும் என்று எண்ணிப் பார்ப்பார். மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழுவினர் வரைந்து, 2022 முதல் கூகிள் வழியே இலவசமாகக் கிடைக்கும் 'அனேக்' எழுத்துரு, தமிழ் உள்ளிட்ட பத்து எழுத்து முறைகளுக்கு அமைந்தது. அதில் ஒடுங்கிய நிலை முதல் விரிந்த நிலை வரை, மெல்லிய பருமன் முதல் மிகத் தடித்த பருமன் வரை, எல்லாப் படியும் வரைந்தே தரப்பட்டுள்ளன. செலவில்லாமல் நல்லது கிடைக்கும்போது நசுக்குவதற்கு என்ன நியாயம்?

ஒடுக்குதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை நம் நாட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், உறையில் கட்டாயம் அச்சிட வேண்டிய விவரங்களின் எழுத்தும் எண்ணும், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத அகலம் கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. இயல்பாகவே ஒற்றைக் கோடாய் நிற்கும் சில எழுத்துகளுக்கு மட்டும் விலக்கு. வாங்குபவர் விலையையும் எடையையும் தெளிவாய்ப் படிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. பிஸ்கட்டுப் பொட்டலத்தின் விலைக்கு உள்ள பாதுகாப்பு, நம் வீட்டில் மறைந்த பெரியவரின் பெயருக்கு இல்லாமற் போகலாமா?

செய்ய வேண்டுவது

தடித்த ஒடுக்கெழுத்தை நாடு கடத்த வேண்டும் என்று நான் கூறவில்லை. அதனை அதன் வீட்டில் இருத்துங்கள். 'மீலாது விழா', 'இரத்த தான முகாம்' என்பன போன்ற இரண்டு மூன்று சொல் தலைப்பே அதன் வீடு. அங்கேயும் கணினியில் நசுக்கியதைத் தவிர்த்து, ஒடுக்கெழுத்தாகவே வரைந்ததைக் கொள்ளுங்கள். தலைப்புக்குக் கீழே வரும் பெயர், நாள், நேரம், இடம், தொகை, தொலைபேசி எண் ஆகியவற்றை இயல்பான அகலமும் நடுத்தரப் பருமனும் உள்ள எழுத்தில் அச்சிடுங்கள். ஜகரமும் ஐகாரமும், ணகரமும் னகரமும், ஆய்தமும் தெளிவாய்ப் பிரிந்து தெரியும் எழுத்துருவா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். 'ஜமாஅத் ஐந்து மணி ஃபாத்திமா ஹஸன்' என்று ஒரு வரி அடித்துப் பார்த்தாலே உண்மை வெளிப்படும். கால அட்டவணையில் எண்களுக்கு அகன்ற இடம் விடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் அச்சகத்தாரிடம் விலை கேட்பதுபோல், எந்த எழுத்து என்றும் கேட்கப் பழக வேண்டும்.

பதாகையைக் கண்டு நகைத்துவிட்டுப் போகும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். இளைஞர் கையில் இன்றுள்ள கருவி, நம் முன்னோர் கல்லச்சு காலத்தில் கனவிலும் காணாத கருவி. அதனைக் கற்றவர் அவர். எழுத்தின் அருமை தெரிந்தவர் நீங்கள். அவர் அருகில் அமர்ந்து, இந்தச் சுழி இன்ன ஒலிக்கு, இந்தப் புள்ளி இன்ன பொருளுக்கு என்று சொல்லிக் கொடுங்கள். குறை கூறுவதோடு நின்றால் சுவர் மாறாது.

அடுத்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டுமுன், எழுபது கடந்த ஒருவரையும் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனையும் அழைத்து, பத்தடி தூரத்தில் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் தடையின்றிப் படித்தால் ஒட்டுங்கள். ஒருவர் தடுமாறினாலும் அத்தாளை மடித்து வைத்துவிட்டு, வேறு எழுத்தில் அச்சிட்டு வாருங்கள்.